கொலைகாரனுக்குப் பரதீசு, கொல்லப்பட்டவனுக்கு நரகமா?

எதிர்க்கேள்வி:
இரட்சிப்பு என்று பேச்சு வந்தாலே இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டுகிறீர்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" (லூக்கா 23:43). நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. அவனிடம் பறிகொடுத்தவர்கள், அடிபட்டவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நேராகவே கேட்கிறேன். ஒருவன் நாலு பேரைக் கொல்கிறான். தூக்குக்கு முந்தின இரவு மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொள்கிறான். செத்த நாலு பேரும் வேறு மதத்துக்காரர்கள், அல்லது எதையும் நம்பாதவர்கள். உங்கள் கணக்குப்படி அவன் பரலோகம், அவர்கள் நரகம். இதற்குப் பெயர் நியாயத்தீர்ப்பா?

இன்னொன்று. ரோமர் 2:6, வெளிப்படுத்தல் 20:12, மத்தேயு 25 என்று தீர்ப்பு வருகிற இடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் பார்க்கப்படுவது கிரியைகள். பசித்தவனுக்குப் போஜனம் கொடுத்தாயா, காவலில் இருந்தவனைப் பார்க்கப் போனாயா என்பதுதான் விசாரணை. "என்னை விசுவாசித்தாயா" என்று மத்தேயு 25இல் ராஜா யாரையும் கேட்கவில்லை.

பெரோயன்:
பிரதர், உங்கள் கோபம் கிருபையின் மேல். அது புதிதும் அல்ல. மத்தேயு 20இல் விடியற்காலையிலேயே திராட்சத்தோட்டத்துக்குப் போனவனுக்கும் ஒரு பணம், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது போனவனுக்கும் ஒரு பணம். அதில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? பிந்தி வந்தவர்களில் தொடங்கிக் கூலி கொடு என்று எஜமான் சொல்கிறான். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசின கூலி கைக்கு வந்த திருப்தியில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சண்டையே வந்திருக்காது. அவர்களை நிற்க வைத்து, பார்க்க வைத்து, அப்புறம்தான் கொடுக்கிறான். கிருபை மனுஷனுக்கு உறுத்தும் என்று ஆண்டவருக்குத் தெரியும். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

மத்தேயு 25க்கு வருகிறேன். "மிகவும் சிறியவராகிய என் சகோதரர்" யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 12:50இல் பிதாவின் சித்தம் செய்கிறவனே என் சகோதரன் என்கிறார். 10:42இல் சீஷன் என்பதற்காக ஒருவனுக்குக் கொடுக்கும் ஒரு கலசம் தண்ணீருக்குப் பலன் உண்டு என்கிறார். அவருடையவர்களை ஏற்றுக்கொண்டவன் அவரையே ஏற்றுக்கொண்டான். அதாவது கிரியை கனி, விசுவாசம்தான் வேர். இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தின் மூலம், கிரியைகளினால் அல்ல என்கிற எபேசியர் 2:8, 9ஐத் தாண்டி யாரும் குறுக்குவழியில் உள்ளே போக முடியாது.

எதிர்க்கேள்வி:
திராட்சத்தோட்டத்தை நீங்களே எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. அந்தக் கதையில் முந்தி வந்தவனுக்கு ஒரு காசுகூடக் குறையவில்லை. எல்லோரும் கூலியோடுதான் வீட்டுக்குப் போனார்கள். என் கேள்வியில் ஒருவன் கூலியோடு போகிறான், அவனால் செத்தவன் அக்கினிக்குப் போகிறான். அந்த எஜமான் முந்தி வந்தவர்களைக் கட்டி வெளியே எறிந்திருந்தால் நீங்கள் அதைத் தயாளம் என்று பிரசங்கிப்பீர்களா?

மெழுகுத்திரி:
நான் கத்தோலிக்கப் பெண். எனக்கும் இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் நம்பிக்கையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கிட்டத்தட்ட இதையே எடுத்துப் பேசுகிறார். கொடுமை செய்தவர்கள் எதுவுமே நடக்காததுபோல, தங்களால் பாதிக்கப்பட்டவர்களோடு ஒரே விருந்தில் வேறுபாடில்லாமல் உட்கார மாட்டார்கள் என்கிறார். அருள் நீதியை ரத்து செய்யாது, செய்ததை எல்லாம் துடைத்துப்போடும் பஞ்சும் அல்ல.

எங்கள் போதனையில் பாவம் மன்னிக்கப்படுவது ஒன்று, அந்தப் பாவம் ஆன்மாவில் விட்டுப்போனது சுத்தமாவது இன்னொன்று. அதைத்தான் உத்தரிக்கிற ஸ்தலம் என்கிறோம். திருச்சபையின் பொதுச்சங்கங்களான புளோரன்ஸ் சங்கம் 1439இலும் திரெந்து சங்கம் 1563இலும் அதை உறுதி செய்தன. ஒருவன் கட்டினது வெந்துபோனாலும் அவன் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல மீட்கப்படுவான் என்று பவுலும் எழுதியிருக்கிறாரே (1 கொரிந்தியர் 3:15).

பெரோயன்:
சகோதரி, அந்த வசனத்தில் சோதிக்கப்படுவது வேலை. ஆளை அல்ல. அஸ்திபாரம் கிறிஸ்து என்று நாலு வசனம் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அதன்மேல் பொன்னால் கட்டினானா வைக்கோலால் கட்டினானா என்று அந்த நாள் காட்டும். பலன் கிடைக்கும், அல்லது நஷ்டம். செத்தபின் சுத்திகரிப்பு என்று அதில் எங்கே இருக்கிறது? கள்ளன் எந்த உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போனான்? "இன்றைக்கு" என்றாரே.

சும்மாவந்தவன்:
ஐந்நூறு வருஷச் சண்டையை மறுபடி தொடங்கிவிட்டீர்கள். 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உட்கார்ந்து, நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி கடவுள்முன் எப்படி நீதிமானாகிறான் என்பது பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள் ஐயா. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துவிட்டார்கள்.

பெரோயன்:
நான் லூத்தரனும் இல்லை, மெதடிஸ்டும் இல்லை. மிசௌரி சினாட் போன்ற லூத்தரன்களே அதை ஏற்கவில்லை.

எதிர்க்கேள்வி:
நீங்கள் இரண்டு பேரும் கொலைகாரனைத்தான் இன்னும் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நேராகப் போவானா, சுத்தமாகிவிட்டுப் போவானா என்று. நான் கேட்டது செத்தவர்களைப் பற்றி.

அப்புறம் மன்னிக்கும் உரிமை யாருக்கு? என் வீட்டில் ஒருவரைக் கொன்றவனை நான் இல்லாத இடத்தில், என்னைக் கேட்காமல், இன்னொருவர் மன்னிக்கிறார் என்றால் அதை எப்படி ஏற்பது?

மெழுகுத்திரி:
இரண்டாவது கேள்விக்கு இயேசுவே பதில் வைத்திருக்கிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் (மத்தேயு 5:23, 24). கடவுளிடம் வரும் வழி பாதிக்கப்பட்டவரின் வாசல் வழியாகத்தான் போகிறது. வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற சொல் வருகிறது. தூக்குக்கு முந்தின இரவில் திருப்பித் தர எதுவும் மிச்சமில்லை என்பது உண்மை. அதனால்தான் சாவோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று எங்கள் திருச்சபை சொல்கிறது.

செத்தவர்களைப் பற்றி: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஆவணத்தில், 16ஆம் எண்ணில், தங்கள் குற்றமில்லாமலே நற்செய்தியை அறியாமல் இருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி சொல்வதைச் செய்ய முயல்பவர்களும் மீட்பு அடைய முடியும் என்று எழுதியிருக்கிறது.

எதிர்க்கேள்வி:
அதே திருச்சபை 1442இல் என்ன எழுதியது தெரியுமா? புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை அது. திருச்சபைக்கு வெளியே இருப்பவன் கிறிஸ்துவின் பெயருக்காக ரத்தம் சிந்தினாலும் மீட்படைய முடியாது என்கிறது. ஐந்நூறு வருஷத்தில் கடவுளுக்கு மனம் இளகிவிட்டதா?

மெழுகுத்திரி:
1964இல் திடீரென்று வந்ததல்ல அது. வெல்ல முடியாத அறியாமையில் இருப்பவர்கள் தங்கள் குற்றமில்லாததற்குத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று போப் ஒன்பதாம் பயஸ் 1863இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் ஃபீனி என்ற பாதிரியார் வெளியே இருக்கும் எல்லோரும் நரகம்தான் என்று பிடிவாதமாகப் போதித்தார். அந்தப் போதனை தவறு என்று ரோமை 1949இல் கடிதம் அனுப்பியது. 1953இல் அவரையே திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். முறைப்படி அது கீழ்ப்படியாமைக்கான தண்டனை.

சும்மாவந்தவன்:
வெளியே இருப்பவர்களுக்கு மீட்பு இல்லை என்றவரையே வெளியே போட்டார்களா! கடைசியில் சமாதானமாகி உள்ளேதான் செத்தார் என்பதால் பிழைத்தார்.

தனிவழி:
நரகம் என்றால் முடிவில்லாத வாதை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மத்தேயு 10:28இல் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்றுதான் இருக்கிறது. ரோமர் 6:23இல் பாவத்தின் சம்பளம் மரணம். என்றென்றும் உயிரோடு வதைபடுவது சம்பளம் என்று பவுல் எழுதவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் மட்டும் சொல்வது என்று ஒதுக்காதீர்கள். ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் 1988இல், முடிவில் அழிந்துபோதல் என்பதும் வேதத்தில் ஆதாரமுள்ள கருத்தே என்று எழுதினார். எவ்வளவு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள் தெரியுமா? எழுபது வருஷப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை என்றால் அளவு எங்கே இருக்கிறது?

பெரோயன்:
மத்தேயு 25:46ஐயும் வாசியுங்கள். நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. ஒன்று முடியும் என்றால் மற்றதும் முடிய வேண்டும். ஆதித் திருச்சபையின் ஆசிரியர் அகஸ்டின் அப்போதே எழுப்பிய வாதம் இது. இன்றுவரை சரியான பதில் நான் பார்க்கவில்லை.

தனிவழி:
அழிவு நித்தியமானது, திரும்பி வராது. அதுவும் நித்திய ஆக்கினைதான். அகஸ்டினையே கேட்பதென்றால், ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளுக்கும் மிக லேசானதாகவாவது ஆக்கினை உண்டு என்றவரும் அவர்தான். அதையும் சேர்த்து ஏற்கிறீர்களா?

பெரோயன்:
இல்லை. அதில் அகஸ்டினோடு நான் இல்லை.

எதிர்க்கேள்வி:
பிடிக்காத இடத்தில் எல்லோரும் இறங்கிக்கொள்கிறீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்குள்ளேயே ஒரு நீதி உணர்வு இருக்கிறது, வசனத்தை அதை வைத்துத்தான் எடைபோடுகிறீர்கள் என்கிறேன். அதே உணர்வு என் நாலு பேர் விஷயத்தில் ஏன் வாய் திறப்பதில்லை?

எங்கள் வீட்டில் ஒரு சாவு. பெரியப்பா. எந்தச் சபையிலும் சேராதவர். ஊரில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விதத்தில் உதவியவர். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது, உறவில் ஒருவர் அழைத்து வந்த போதகர் எங்களைப் பார்த்து, "இந்த நிமிஷம் இவர் எங்கே இருக்கிறார் என்று யோசியுங்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். பெரியம்மா கையில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தார். அந்த மண்ணைப் போடவே இல்லை. உங்கள் போதனை புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ தெரியாது, எங்களிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பெரோயன்:
அது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு இதுவரை சுற்றி வளைத்தேன் என்று தோன்றினால் நேராகவே சொல்கிறேன். கொல்லப்பட்டவன் கொல்லப்பட்டதற்காக ஆக்கினைக்குப் போவதில்லை. எல்லோரும் பாவம் செய்தவர்கள் என்கிறது ரோமர் 3:23. அந்த நாலு பேரும் அவரவர் ஜீவியத்துக்கே கணக்குக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கும் எல்லோருக்கும் ஒரே அளவில்லை. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் (லூக்கா 12:47, 48). அந்நிய ஊர்களான தீருவுக்கும் சீதோனுக்கும் நியாயத்தீர்ப்பு நாளில், தம் அற்புதங்களைக் கண்டும் மனந்திரும்பாத கோராசீனைவிட இலகுவாயிருக்கும் என்று இயேசுவே சொன்னார். கேட்டவனுக்குத்தான் பொறுப்பு அதிகம், அதாவது எனக்கு. கிறிஸ்துவை அல்லாமல் இரட்சிப்பு இல்லை என்பதில் மட்டும் நான் இறங்க முடியாது, அப்போஸ்தலர் 4:12 அப்படியே நிற்கிறது. அவர் தம்முடைய இரட்சிப்பை யாருக்கு, எந்தக் கடைசி மூச்சில் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

எதிர்க்கேள்வி:
ஆபிரகாம் அதோடு நிறுத்தவில்லையே. ஐம்பது நீதிமான்களில் தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று பேரம் பேசினான். அழிக்கப்படவிருந்த சோதோம் பட்டணத்துக்காக. நீங்கள் என் நாலு பேருக்காக ஒரு தடவைகூடப் பேசவில்லை.

மெழுகுத்திரி:
இறந்தவர்கள் எல்லோருக்காகவும் நாங்கள் திருப்பலியில் தினமும் கேட்கிறோம். பெயர் தெரியாதவர்களுக்காகவும்.

எதிர்க்கேள்வி:
சரி, அது தெரியாது. பெரோயன் அவர்களிடம் ஒன்று. யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாது என்றீர்களே. அப்படியானால் குழிமேட்டில் அந்தப் போதகர் பேசியபோது நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா?

பெரோயன்:
நிறுத்தியிருப்பேன். அடுத்த குழியில் நின்று, "இவர் மோட்சம் போய்விட்டார், சந்தேகமே இல்லை" என்று சொல்கிறவரையும்.