கவினை பேக்ல போட்டுட்டாங்களாம்

குழு: ஆயா வீடு, வியாசர்பாடி

லதா: அண்ணா, கவின் நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடல. ஷூவைக் கொண்டுபோய் மொட்டை மாடில வீசிட்டு வந்து படுத்துட்டான். நீயாவது என்னன்னு கேளு

செல்வம்: இன்னாடா கவின்

கவின்: ஒன்னுமில்ல மாமா

செல்வம்: ஒன்னுமில்லாததுக்கு ஷூ இன்னா பண்ணுச்சு

கவின்: கோச் என்னை பேக்ல போட்டுட்டாரு. போன வருஷம் ஃபுல்லா பார்வர்டு மாமா. 11 கோல். இப்ப லெஃப்ட் பேக் ஆடுன்றாரு

ஆயா: (குரல் பதிவு) என்னது, புள்ளைய பேக்ல போட்டுட்டாங்களா? எந்தப் பைல? எதுக்குப் போட்டாங்க?

லதா: அம்மா அது ஃபுட்பால்ல ஒரு இடம், பின்னாடி நின்னு கோல் விழாம தடுக்கிறது. நீ மாத்திரை போட்டியா?

செல்வம்: நானும் இருபது வருஷம் பேக்குதான்டா

கவின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: படிச்சிட்டேன். "அதான் உங்கள யாருக்கும் தெரில"யா? சரி

கவின்: சாரி மாமா. ஆனா நீங்களே சொல்லுங்க, பேக் ஆடி யாரு பேர் வாங்கினா? இத்தாலி டீம் மால்டினின்னு மட்டும் சொல்லிடாதீங்க

செல்வம்: மால்டினி வேணாம். கிரஹாம் அலெக்சாண்டர்

கவின்: யாரு அது

செல்வம்: அப்படித்தான் எல்லாரும் கேப்பாங்க. ஆயிரம் மேட்சுக்கு மேல ஆடின ஆளு

பிரவீன்: அப்பா!! நான் இருக்கிற ஊர் டீம்ல ஆடினவரு. இங்க பிரஸ்டன்ல வயசானவங்ககிட்ட அந்தப் பேரைச் சொன்னா போதும், டீ வாங்கிக் குடுத்துட்டுக் கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க

ஆயா: (குரல் பதிவு) பிரவீனு, சாப்டியாடா? அங்க குளுருதா?

பிரவீன்: சாப்டேன் ஆயா. குளிருது

செல்வம்: கவின் கேளு. இங்கிலாந்துல லீக் நாலு படி, மொத்தம் 92 கிளப். மேல இருக்கிற பிரீமியர் லீக் மட்டும்தான் நம்ம டிவில வரும். இவரு 1990ல ஸ்கன்தார்ப்ல சேர்றாரு. இரும்பு ஆலை ஊரு, கிளப்புக்கே செல்லப் பேரு இரும்புதான். அப்ப அது கடைசிப் படி. அங்க மிட்ஃபீல்டு ஆடினாரு. 95ல லூட்டன். 99ல பிரஸ்டன். அங்கதான் ரைட் பேக்கா நிலைச்சாரு

கவின்: அப்ப அவரையும் பின்னாடி தள்ளிட்டாங்க

செல்வம்: தள்ளினாங்க. ஷூவை மாடில வீசினாரான்னு தெரில

லதா: 😂

பிரவீன்: அப்ப பிரஸ்டன் மேனேஜர் டேவிட் மோயஸ் மச்சான். பின்னாடி எவர்ட்டன், மான்செஸ்டர் யுனைடெட்னு போனாரே, அவருதான். 2000ல மூணாவது படியில சாம்பியன் ஆகி மேல வந்தாங்க. ஆனா பிரீமியர் லீக் வாசலோட சரி. மேல போறதுக்கு பிளே ஆஃப்னு ஒரு தனிப் போட்டி, அதுல 2001 ஃபைனல்ல போல்டன்கிட்ட 3-0. 2005 ஃபைனல்ல வெஸ்ட் ஹாம்கிட்ட 1-0

கவின்: ரெண்டு ஃபைனலும் போச்சா 😬

பிரவீன்: போச்சு. இத்தனைக்கும் 1888ல லீக் ஆரம்பிச்சப்போ ஒரு மேட்ச்கூடத் தோக்காம முதல் கப்பு அடிச்ச கிளப்பு இது. ஸ்டேடியம் வாசல்ல டாம் ஃபின்னி சிலை இருக்கு, தண்ணில வழுக்கிக்கிட்டே பந்தைத் தொரத்துற மாதிரி, கீழ நெஜமாவே தண்ணி அடிக்கும். அவ்ளோ பெரிய ஆட்டக்காரரு, கூடவே பிளம்பர் வேலையும் பார்த்தாரு

லதா: நம்ம வீட்டு பைப்புக்கு ஒரு பிளம்பர் ரெண்டு வாரமா வரல. அதைப் பாருங்க யாராவது

செல்வம்: லதா இரு. 2007ல அலெக்சாண்டர் பக்கத்து ஊரு பர்ன்லிக்குப் போறாரு. 35 வயசு. எல்லாரும் கடைசிக்காலம்னு நினைச்சிருப்பாங்க. 2009 பிளே ஆஃப் செமில ரெடிங் கூட முதல் மேட்ச் 1-0. அந்த ஒரு கோலு யாரு? இவருதான், பெனால்டி. வெம்ப்ளி ஃபைனல்ல ஷெஃபீல்டு யுனைடெட்டை ஜெயிச்சு பர்ன்லி மேல போச்சு. ஆகஸ்ட் 15, ஸ்டோக் ஊர்ல முதல் பிரீமியர் லீக் மேட்ச். ரெண்டு மாசம் போனா 38 வயசு. கோல்கீப்பரை விட்டுட்டுப் பாத்தா, அந்த வயசுல அங்க முதல் மேட்ச் ஆடினவன் அதுவரைக்கும் ஒருத்தனும் இல்ல

கவின்: ஜெயிச்சாங்களா

செல்வம்: 2-0 தோத்தாங்க

கவின்: 😂😂

செல்வம்: சிரி. நாலு நாள் கழிச்சு நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை சொந்த ஊர்ல 1-0ன்னு அடிச்சாங்க. அதுலயும் ஆடினாரு. அந்த வயசுல அவரைத் திரும்பவும் மிட்ஃபீல்டுல ஆட வெச்சாங்க, அதைக் கவனி. அடுத்த வருஷமே பர்ன்லி கீழ இறங்கிடுச்சு, அது வேற கதை

கவின்: பேக்குக்கு எதுக்கு பெனால்டி குடுக்குறாங்க மாமா

செல்வம்: அப்படிக் கேளு. மொத்தம் நூறு கோலுக்கு மேல, பெரும்பாலும் பெனால்டி. மூலை பாக்கறது, கீப்பரை ஏமாத்தறது எல்லாம் கிடையாது. ஓடி வந்து உடைச்சு விடுவாரு. கீப்பர் கை வெச்சாலும் கையோட உள்ள போவும். நான் பாத்த வீடியோலாம் அப்படித்தான்

பிரவீன்: கோவென்ட்ரில பொறந்தவரு, ஆனா ஆடினது ஸ்காட்லாந்துக்கு. முதல் மேட்ச் 2002ல, 30 வயசுல. அப்படியும் 40 மேட்ச் ஆடிட்டாரு

லதா: நம்ம வீட்டுல 17 வயசுல எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு படுத்துக்கிடக்குது ஒன்னு

கவின்: அம்மா ப்ளீஸ்

செல்வம்: ஆயிரமாவது மேட்ச் 2011 ஏப்ரல்ல, ஸ்வான்சீ கூட. இங்கிலாந்துல கீப்பருங்களை விட்டுட்டுப் பாத்தா, அந்தக் கணக்கைத் தொட்டது அவருக்கு முன்னாடி டோனி ஃபோர்டு ஒருத்தருதான். அப்புறம் பிரஸ்டனுக்கே திரும்பிட்டாரு. பிரவீன், கடைசி மேட்ச் நீ சொல்லு

பிரவீன்: 2012 ஏப்ரல் 28. வயசு 40. எதிர்ல அந்த சீசன் சாம்பியன் சார்ல்டன். இதுதான் கடைசின்னு முன்னாடியே சொல்லிட்டாரு. சப்ஸ்டிடியூட்டா இறங்கினாரு. 2-1 பின்னாடி, 90 நிமிஷமும் முடிஞ்சிடுச்சு. பாக்ஸுக்கு வெளிய ஃப்ரீ கிக். இவரு எடுத்தாரு

கவின்: சும்மா சொல்லாத

பிரவீன்: கோல் மச்சான். 2-2

கவின்: டேய்

கவின்: வீடியோ கிடைச்சிடுச்சு. அடிச்சிட்டு ஓடுறாரு, மொத்த டீமும் மேல விழுது

கவின்: இந்த ஆளு மேனேஜர் ஆகிட்டாரா? 2025ல இவரு டீம் பிராட்ஃபோர்டு, சீசன் கடைசி மேட்ச், 96வது நிமிஷம் கோல் அடிச்சு மேல போயிருக்காங்க!!

செல்வம்: ஆமா. எதிர்ல யாரு தெரியுமா? ஃப்ளீட்வுட். அவரு மேனேஜரா ஆரம்பிச்ச கிளப்பே அதுதான்

கவின்: மாமா, நம்ம டீம்ல பெனால்டி யாருன்னு கோச் இன்னும் சொல்லல

செல்வம்: கேட்டியா?

கவின்: நாளைக்குக் கேக்குறேன். காலைல 5:30 பிராக்டிஸ்

ஆயா: (குரல் பதிவு) மழ தூறுதுடி லதா. மாடில துணி இருந்தா எடு

கவின்: அம்மா!! ஷூ!!

லதா: மாடிக்கு வந்துட்டேன். ஒன்னுதான் கிடக்குது. இன்னொன்னை எந்தப் பக்கம் வீசின?

கவின்: லெஃப்ட்