கோடியக்கரைக்கு ஒருநாள் ஸ்கோப் (தூரத்துப் பறவைகளைப் பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி) இரவல் கிடைக்குமா?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் இயங்கும் சிறிய இயற்கை ஆர்வலர் குழு நாங்கள். மார்கழி, தை மாத ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போகிறோம். வடுவூர் ஏரியில் கவலையில்லை. கரையில் நின்றாலே ஊசிவால் வாத்தின் நீண்ட வால், நத்தைகுத்தி நாரையின் அலகிடுக்கில் உள்ள இடைவெளி எல்லாம் சாதாரண பைனாகுலரில் தெரியும்.

சிக்கல் கோடியக்கரையில்தான். உள்ளான்கள் எனும் சிறு கரைப்பறவைகள் சேற்றுவெளியில் வெகுதூரத்தில் மேய்கின்றன. கொசு உள்ளானுக்கு அலகு குட்டை, நேராக இருக்கும். வளைமூக்கு உள்ளானுக்கு நீளம், நுனி கீழே வளையும். ஆனால் குளிர்காலத்தில் இரண்டுமே மங்கிய சாம்பல் நிறம், பைனாகுலரில் பிரிக்க முடியவில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பட்டியல் தர வேண்டும், 'ஏதோ உள்ளான்' என்று எழுத மனம் வரவில்லை. பூநாரை எப்படியும் கண்ணில் படும். ஆர்க்டிக் பக்கமிருந்து இவ்வளவு தூரம் பறந்து வரும் இந்தச் சின்னஞ்சிறு உள்ளான்களைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்திருப்பவர்கள் பொங்கல் விடுமுறையில் ஒருநாள் தர முடியுமா? வாடகை என்றாலும் சரி. கரைப்பறவைகளை அடையாளம் சொல்லத் தெரிந்தவர் கூடவே வந்தால் ரொம்ப உதவி. வேனில் இடமிருக்கிறது, சாப்பாடு எங்கள் பொறுப்பு. தஞ்சை, திருவாரூர், வேதாரண்யம் பக்கம் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.