தொட்டில் மொபைல்: பாட்டு நின்ன உடனே கண்ணைத் திறக்கிறா, உங்க வீட்டுல எப்படி?

தூக்கமில்லா அம்மா

தொட்டிலுக்கு மேல தொங்குற பொம்மைக் கொத்து, சாவி கொடுத்தா பாட்டோட சுத்துமே, அந்த மொபைல்தான். எங்களோடதுல நாலு துணி யானை. ஒரு வாரமா ஒரே விஷயம் மனசைக் குடையுது.

ராத்திரி மூணு மணி. பால் கொடுத்துப் பாப்பாவைத் தொட்டில்ல போட்டுட்டு சாவி கொடுத்தேன். கண்ணு சொக்குது, மூடின கை ஒவ்வொரு விரலா விரியுது. தூங்கிட்டான்னே நினைச்சேன். ஸ்பிரிங் இறங்க இறங்கப் பாட்டு இழுத்துக்கிட்டே போச்சு. டிங்... டிங்... அடுத்த சுரம் வரவே இல்ல. அந்த நொடியே ரெண்டு கண்ணும் திறந்து நேரா யானையைப் பார்க்குது. அழல. காத்துக்கிட்டு இருந்தா. நான் மறுபடி சாவியைத் திருகினேன். பாட்டு வரதுக்கு முன்னாடியே, அந்தக் கர்ர் கர்ர் சத்தத்துக்கே காலை உதைக்க ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கு மட்டும் ஆறு தடவை சாவி கொடுத்தேன்.

இப்போ அவளுக்கு மூணு மாசம் முடிஞ்சிருக்கு. தூங்க வைக்கணும்னு வாங்கினது தூக்கத்தைக் கெடுக்குதா?

பையனோட அப்பா

எங்க வீட்டுல தலைகீழ். பையன் மொபைலைப் பார்க்கவே மாட்டான், முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பான். மூணு கரடி, ஒரு பறவை. பக்கத்துல நின்னு பார்க்கிற எங்களுக்கு அவ்வளவு அழகு.

ஒருநாள் மெத்தையைத் துவைக்க எடுத்தப்போ தொட்டிலுக்குள்ள தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். கரடியும் இல்ல, பறவையும் இல்ல. நாலு வெள்ளைத் தையல் முடிச்சு. நடுவுல சாம்பல் கலர் பிளாஸ்டிக் மூடி, அதுல ஒரு ஸ்க்ரூ. ரெண்டு மாசமா என் பிள்ளைக்கு நான் காட்டினது அந்த ஸ்க்ரூவைத்தான். இன்னிக்கு நினைச்சாலும் உறுத்துது.

அன்னிக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை வட்டமா வெட்டி ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில தைச்சேன். வாயைத் திறந்தபடி பார்த்தான். வாங்கப் போறவங்க மொபைலைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. பொம்மையோட முகம் கீழே பார்க்கணும்.

ரெண்டாவது பொண்ணோட அம்மா

தூக்கமில்லா அம்மா, தூக்கத்தை விடுங்க. மூணு மாசம்னு சொன்னீங்களே, எனக்கு அதான் பயம்.

என் பொண்ணுக்கு நாலரை மாசம். இன்னும் புரளவே இல்லையேன்னு அசால்டா இருந்துட்டேன். பக்கத்து அறையில துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். பாட்டு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு, ஆனா நடுவுல டக் டக்னு ஒரு சத்தம். போய்ப் பார்த்தா முயலோட காது அவ கைக்குள்ள. நூல் மணிக்கட்டுல விறைப்பா இழுத்துக்கிட்டு நிக்குது, மொபைலைத் தாங்குற கம்பி முழுசா சாய்ஞ்சு, அதைத் தொட்டிலோட இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒருபக்கம் கழண்டு தொங்குது. மோட்டார் சுத்த முடியாம திணறிக்கிட்டு இருக்கு. அவ என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு.

அஞ்சு மாசம், இல்லேன்னா கையையும் முட்டியையும் ஊன்றி எழும்ப ஆரம்பிக்கிற நாள், இதுல எது முதல்ல வருதோ அன்னிக்கே மொபைலைக் கழட்டிடணும். பெட்டியிலேயே போட்டிருந்துச்சு. நான்தான் படிக்கல. எட்டிப் பிடிக்கிற குழந்தைன்னா அதுவரைக்கும்கூடக் காத்திருக்காதீங்க.

எலக்ட்ரீஷியன் மாமா

எங்க பேரனோட மொபைலில் பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்துவிட்டது. மாட்டி வைத்து மறந்ததுதான் காரணம். அதிலிருந்து நான் எதையும் திறந்து பார்க்காமல் விடுவதில்லை.

பையனோட அப்பா, துணி தைத்தது நல்ல யோசனை. ஆனால் தையல் விட்டால் அந்த வட்டம் நேராகக் குழந்தையின் வாய்க்குப் போகும். வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நாலு பொம்மைக்கும் எடை ஒரே அளவாக இருக்கட்டும், இல்லையென்றால் மோட்டார் ஒருபக்கம் இழுத்துச் சீக்கிரம் தேயும்.

கிளாம்ப் விஷயத்துக்கு வருகிறேன். தட்டைச் சட்டத்துக்குச் செய்த கிளாம்ப் உருண்டைக் கம்பியில் நிற்காது. இறுக்கியதுபோல் இருக்கும், நாலு நாளில் நழுவும். மாட்டியதும் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும். அதற்காக மொபைலைத் தாழ்த்தித் தொங்கவிட வேண்டாம், கைக்கு எட்டாத உயரம்தான் முக்கியம். முகத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், வயிற்றுக்கு மேலாக வரட்டும். நூல் 18 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ரிமோட் இருந்தால் அதில் பெரும்பாலும் பட்டன் பேட்டரிதான். மூடி ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் இன்னும் கவனம். அந்த பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது. சத்தம் எப்போதும் குறைந்த அளவிலேயே.

மனோதத்துவ மாணவி

மாமா சொன்னதெல்லாம் சரி, ஆனா முதல்ல கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. சாவிச் சத்தத்துக்கே பாப்பா காலை உதைச்சாளே, அது தொந்தரவு இல்லைங்க. ஞாபகம்.

கேரோலின் ரோவி-கோலியர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர். தன் கைக்குழந்தையோட காலை ஒரு ரிப்பனால மொபைலோட இணைச்சாங்க. உதைச்சா மொபைல் ஆடும்னு பிள்ளை கத்துக்கிட்டான். 1969-ல் அது ஆய்வுக் கட்டுரையா வந்தது. மூணு மாசக் குழந்தை அதை ஒரு வாரம் வரைக்கும் மறக்கலைன்னு பிறகு செஞ்ச ஆய்வுகள்ல தெரிஞ்சுது. (அது ஆள் பக்கத்துலயே இருந்து செய்த ஆய்வு. வீட்டுல யாரும் ரிப்பன் கட்டிடாதீங்க.)

என் அக்கா குழந்தைகிட்ட நான் கண்ணாலயே பார்த்தேன். மொபைல் நின்னதும் இடது காலை ஒரு உதை. என்னைப் பார்த்தான். மறுபடி ஒரு உதை. நான்தான் சுவிட்சைப் போட்டேன், ஆனா தானே ஓட்டின மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. மொபைல் விழிச்சிருக்கிற நேரத்துக்கான பொருள். டயப்பர் மாத்துறப்போ ஓட்டுங்க, ராத்திரி வேண்டாம்.

ரெண்டாவது பொண்ணோட அம்மா

ராத்திரி வேண்டாம்னு சுலபமா சொல்லிட்டீங்க. மூணு மணிக்குக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து பார்த்தாத்தான் தெரியும். எங்க மூத்தவன் ராத்திரி மொபைல் பாட்டுலதான் தூங்கினான், ஒரு குறையும் இல்ல.

தூக்கமில்லா அம்மா

எல்லாருக்கும் நன்றி. கிளாம்பை அழுத்திப் பார்த்தேன், ஆடுச்சு. இறுக்கிட்டேன். நானும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். யானையோட உள்ளங்கால் மட்டும்தான் தெரியுது.

நேத்து ராத்திரி சாவி கொடுக்கல. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் காலை ஒரு உதை உதைச்சா. நான் அந்தப் பாட்டை வாயாலேயே முனகினேன், எப்பவும் நின்னுபோற அந்தக் கடைசிச் சுரத்தையும் சேர்த்து. தூங்கினாளான்னு கேட்டா, இல்ல, நாலு மணி ஆச்சு. ஆனா கண்ணு யானை மேல இல்ல, என் மேல இருந்துச்சு.