கன்னியாவில் எடுத்த படத்தில் கடைசியாக நிற்பவர்

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் இறந்தவர்களுக்காக நான் இணையத்தில் சேர்த்துக்கொண்டிருக்கும் நினைவுப் பக்கத்தைப் பற்றி இரண்டு மூன்று பேர் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் ஒரே மடலாகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அது ஒரு படத்தைப் பற்றிய கதையாகப் போய்விட்டது. சரி, அந்தப் படத்திலிருந்தே சொல்கிறேன்.

அம்மம்மா இறந்து முப்பத்தொராம் நாள் கிரியை அன்று, திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. உங்களில் பாதிப் பேராவது அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றடிக்கு யாருக்காவது இறுதிக் கடன் கழிக்கப் போயிருப்பீர்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்தித் தண்ணீர் வரவழைத்த இடம் என்று கதை சொல்லி, கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு என்று ஒவ்வொன்றாக வாளியில் அள்ளி ஊற்றி விடுவார்களே, அங்கேதான். படத்தில் ஏழு பெண்கள் ஈரத்தலையோடு வரிசையாக நிற்கிறார்கள். ஆறு பேரை அம்மா இருந்த காலத்திலேயே கேட்டு எழுதி வைத்திருந்தேன். வலப்பக்க ஓரத்தில் கையில் செம்போடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவர் போல நிற்கும் ஏழாவது ஆளை மட்டும் அம்மாவுக்கும் தெரியவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கும் தெரியவில்லை. முகம் பாதிதான் விழுந்திருக்கிறது.

போன மாதம் ஊரில், உப்புவெளியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவருக்கு இப்போது 86 வயது, ஒரு கண்ணில் பார்வை குறைவு. பேத்தி போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்ட, அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம், சட்டைக் கையைத்தான் பார்த்தாராம். "இது நான் தைச்ச கை. தோளிலே சுருக்கு வைச்சு, விளிம்பிலே ரெண்டு வரி நூல் ஓட்டியிருக்கு பார். துணி போதாமப் போய் இடது கையிலே ஒட்டுப் போட்டேன்" என்றார். நான் இங்கே கணினியில் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கையில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. இருபது வருடமாக அந்தப் படம் என்னிடம் இருந்தும் அந்தக் கோட்டை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தார். படத்தில் ஏழாவதாக நிற்கும் அந்த அக்கா நம் தெருவில் வீடு வீடாக மா இடித்துக் கொடுத்தவர். வறுத்த மாவை விரலில் தொட்டுப் பார்த்தே இடியப்பத்துக்கு வருமா, பிட்டுக்குத்தான் சரியா என்று சொல்லிவிடுவாராம். கூலியாகக் காசை விட அரிசியைத்தான் விரும்பி வாங்குவாராம். அம்மம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதம் இரவில் வந்து பக்கத்தில் படுத்தவர் அவர்தான், அதனால்தான் சொந்தக்காரர் வரிசையில் அவரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

நாம் இறந்தவர்களை எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும், உப்புவெளியை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, அன்பு மகளும், பாசமிகு சகோதரியும், மாமியும் என்று உறவு முறையெல்லாம் வரிசையாக வரும். அதை நான் குறை சொல்லவில்லை. யார் யாருக்கு என்ன முறை, யார் எந்த நாட்டில் என்று இன்றைக்கு நாம் தேடிப் பிடிப்பதே அந்த அறிவித்தல்களை வைத்துத்தான். முப்பத்தொன்றுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகமும் அப்படித்தான், தேவாரமும் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் போக நடுவில் இரண்டு பக்கமாவது அவரைப் பற்றி இருக்கும். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும், 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களையும் ஸ்கான் செய்து ஏற்றி வைத்திருக்கிறார்கள், உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கல்வெட்டு கிடந்தால் தயவுசெய்து எறியாமல் அவர்களுக்குக் கிடைக்க வழி பண்ணுங்கள். ஆனால் அறிவித்தல் போடவும் கல்வெட்டு அடிக்கவும் ஆளும் காசும் வேண்டும். மா இடித்த அக்காவுக்கு அது இரண்டும் இருக்கவில்லை.

நிலாவெளி வீதியால் போகும்போது உப்புவெளியில் அந்தப் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், புல் வெட்டிப் பூச்செடி வைத்து எப்போதும் சுத்தமாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கல்லறைகள், 300க்கு மேல். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையெல்லாம் நம் தாத்தாமார் சொன்னதுதானே. அங்கே கிடக்கும் ஒவ்வொருவருடைய பெயரும், படைப்பிரிவும், இறந்த தேதியும், எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்பதும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். எங்கோ பிறந்து நம் ஊரில் மண்ணான பிள்ளைகளுக்கு அப்படிச் செய்திருப்பது நல்ல காரியம். சின்ன வயதில் அந்த மதிலோரமாகவே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை நான் தொடங்கியதற்கு அந்தத் தோட்டமும் ஒரு காரணம். மதிலுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்து செத்த நம் ஆட்களின் பெயரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நம்மிடம் படங்கள் குறைவு, அதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கி ஓடும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பையில் போட்டோம், ஆல்பத்தை அலுமாரியிலேயே விட்டோம். அதற்குப் பிறகு சேர்த்ததில் கடற்கரையோர வீடுகளில் இருந்ததை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனது. ஆகவே இப்போது மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுக்குத் தபாலில் வந்தவை, உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன.

ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். இதே மாதிரி ஒரு பக்கத்தை நான் 2003 இல் ஒருமுறை தொடங்கினேன். இலவசமாக இடம் கொடுத்த ஒரு நிறுவனத்தில் வைத்திருந்தேன், அவர்கள் சேவையை மூடியபோது எனக்கு வந்த அறிவித்தல் நான் பாவிக்காமல் விட்ட பழைய மின்னஞ்சலில் கிடந்தது. இணையப் பழங்காப்பகத்தில் தேடியபோது எழுத்து மட்டும் கிடைத்தது, படங்கள் போய்விட்டன. கிடைத்த எழுத்தும் அந்தக் காலத்துப் பாமினி எழுத்துருவில் தட்டியது. இன்றைய திரையில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், நாம் புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யுனிகோடுக்கு மாற்றியபோது எங்கள் சின்னத்தாத்தாவைப் பற்றி அம்மா சொல்லி நான் தட்டிய ஆறு வரி திரும்ப வந்தது. அம்மா அப்போது இல்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த முறை எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று இணையத்தில், ஒன்று என் வீட்டு வன்தட்டில், ஒன்று சிட்னியில் தங்கை வீட்டில். கடவுச்சொற்கள் தங்கையிடமும் இருக்கின்றன. நீங்களும் உங்கள் கணக்குகளைப் பாருங்கள். கூகிள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை அழித்துவிட அவர்களுக்கு இடமுண்டு. போனவர்களின் கணக்கில்தான் பாதிப் படங்கள் கிடக்கின்றன.

படம் அனுப்புகிறவர்களுக்கு: ஒட்டும் தாள் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்க வேண்டாம், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் ஆல்பத்தோடு வைத்தே எடுங்கள். பின்பக்கம் தெரிந்தால் அதையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். சுருங்கிய படத்தில் அந்த ஒட்டுப்போட்ட கை தெரிந்திருக்காது. எழுதும்போது நல்லவர், வல்லவர் என்று எழுத வேண்டாம், அவர் கை என்ன செய்தது என்று ஒன்று எழுதினால் போதும். எப்படி இறந்தார் என்பதைக் குடும்பம் சம்மதித்தால் மட்டுமே போடுவேன். சில வீடுகளில் அதை இன்னும் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முதல், ஊரில் இருக்கும் வயதானவர்களிடம் இந்தக் கிழமையே படத்தைக் காட்டுங்கள். கதைப்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரியம்மாவிடம் நான் ஐந்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம், அப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரிந்தது.

அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு ஒரு மகன் இருந்ததாம், எங்காவது இருந்தால் அவரிடம் கேட்காமல் போடுவது முறையில்லை. 1990 இல் எல்லோரும் சிதறியபோது அந்த அக்கா எந்தப் பக்கம் போனார் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. "இறந்த தேதி" என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்வார்களே, அப்படி ஏதாவது எழுதலாமா என்றேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்ததை யார் கண்டது? நீ பார்த்தியா?" என்றார்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பக்கத்தின் தலைப்பிலும் "இறந்தவர்கள்" என்பதை எடுத்துவிட்டு "நம் ஆட்கள்" என்று மாற்றினேன். 1990க்குப் பிறகு மா இடித்துக் கொடுத்த ஒருவரை முகாமிலோ, தமிழ்நாட்டிலோ, வேறெங்குமோ உங்கள் வீட்டார் யாராவது கண்டிருந்தால் எனக்கு எழுத வேண்டாம், முதலில் பெரியம்மாவுக்கு ஒரு போன் கோல் எடுங்கள். கேட்டால் நம்பரை நான் தனியாகத் தருகிறேன். பின்னேரம் நாலு மணிக்கு மேல் என்றால் முழித்திருப்பார்.