ஃபைனல் கட் விஷயத்தில் ஆப்பிள் செய்தது நியாயமா?

வெட்டுமேசை:
2011 ஜூனில் ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருள் புதிதாக எழுதப்பட்டு ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்று வந்தது. பழைய 7-ஆம் பதிப்பில் செய்த புராஜெக்ட்டை அதில் திறக்கவே முடியாது. பல கேமராக்களில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. ஒலி கலப்பவருக்கு ஒலித்தடங்களை அனுப்ப உதவும் ஓஎம்எஃப் கோப்பு வசதியும் இல்லை. கூடவே பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்தினார்கள். பாதிப் படத்தை வெட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? கூட்டம் சேர்க்க, தொழில்காரரைக் கைவிட்டார்கள்.

பொதுஜனம்:
விலையையும் சொல்லுங்கள் சார். 7-ஆம் பதிப்பு அடங்கிய முந்தைய ஸ்டூடியோ தொகுப்பு 999 டாலர், எக்ஸ் 299.99. பழையது 32-பிட், 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொடாது. அதற்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே காலம் தள்ள முடியுமா? மல்டிகேமும் 2012 ஜனவரியில் வந்துவிட்டதே!

வெட்டுமேசை:
ஏழு மாதம் கழித்து! அதற்குள் பலர் பிரீமியர், ஆவிட் என்ற போட்டி மென்பொருள்களுக்குப் போய்விட்டார்கள். புதிதாக எழுதியதில் எனக்குச் சண்டையே இல்லை. அது தேறும்வரை பழையதையும் விற்றிருக்கலாம். ஒரு எடிட்டர் மாறினால் உதவியாளர், ஒலிக்காரர், நிறம் சீர்செய்யும் கலரிஸ்ட் எல்லோரும் பின்னாலேயே மாறுவார்கள். விற்பனைக் கணக்கில் அது ஒரே ஒரு உரிமமாகத்தான் தெரியும்.

சுருக்குவிசை:
நடுவில் நுழைகிறேன். எக்ஸல் 2007-இல் மெனு போய் ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தது, புதியவர்களுக்காக. ஆனால் நகலெடுத்ததை வேண்டிய விதத்தில் ஒட்ட (பேஸ்ட் ஸ்பெஷல்) கை தானாகவே ஆல்ட்-இ-எஸ் அடிக்கும் கணக்காளர்களுக்காக அந்தப் பழைய விசைகளை விட்டுவைத்தார்கள். அதே பதிப்பில் வரிசைகள் 65,536-இலிருந்து 10,48,576 ஆயின. வீட்டுச் செலவு எழுதுபவரா அதைக் கேட்டார்?

பொதுஜனம்:
மைக்ரோசாஃப்டுக்கு ஆள்பலம் இருக்கிறது, சுமக்கிறது. ஃபயர்ஃபாக்ஸைப் பாருங்கள். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு பழைய நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) கழற்றிவிட்டது. உலாவியின் உள்ளே எங்கு வேண்டுமானாலும் கைவைக்கும் நீட்சிகள் அவை. அவற்றை உடையாமல் காப்பாற்றிக்கொண்டே உள்கட்டமைப்பை மாற்றுவது பெரும்பாடு. கத்தியவர்கள் சிலர், வேகம் கிடைத்தது எல்லோருக்கும்.

வெட்டுமேசை:
அந்தச் சிலர்தானே தெரிந்தவர்கள் கணினியில் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸை நிறுவிக் கொடுத்தவர்கள்?

சுருக்குவிசை:
இருந்தாலும் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, பழைய நீட்சிகள் போகப்போகின்றன என்று 2015 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 52-இல் பழைய நீட்சிகள் 2018 வரை ஓடின. வெட்டுமேசை கேட்பதும் இந்த அவகாசத்தைத்தானே?

பொதுஜனம்:
சரி, அவகாசம் தந்திருக்கலாம், அதுவரை ஏற்கிறேன். ஆனால் 7 கடையில் இருந்திருந்தால் எக்ஸை எந்த எடிட்டரும் தொட்டிருக்க மாட்டார்.

வெட்டுமேசை:
தொடும் அளவுக்கு ஆனபின் வெளியிட்டிருக்கலாமே!