பழைய வட ஆர்க்காடு பள்ளிச் சேர்க்கைக் கணக்கு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். 1960லிருந்து நம் பகுதியில் ஆறாம் வகுப்புக்கு மேல் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று தொகுத்து, வளரும் நாடுகளின் போக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். யுனெஸ்கோ தருவது மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது அந்த வகுப்புகளுக்குரிய வயதுப் பிள்ளைகள் நூறு பேர் இருந்தால், எந்த வயதானாலும் அந்த வகுப்புகளில் படிப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. அதற்கு அந்த வயதுப் பிள்ளைகளின் தொகையும் வேண்டும். ஆனால் 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. எல்லை மாறியதால் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் நேராக ஒப்பிட முடியவில்லை. 1978இல் மேல்நிலை வகுப்பு வந்ததால் பழைய பதினொன்றாம் வகுப்பும் இன்றைய பிளஸ் ஒன்னும் ஒன்றல்ல.

ஒரு பழைய பதிவேட்டில், ஏழாவதோடு நின்ற நான்கு பெண் பிள்ளைகள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'பீடி வேலை' என்றிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1989க்கு முந்தைய மாவட்டப் புள்ளியியல் கையேடோ சென்சஸ் கையேடோ இருந்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆண், பெண் தனித்தனியாக இருந்தால் பெரிய உதவி. ஆம்பூர், ஆரணி பக்கம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள், நேரில் வருகிறேன்.