எதிர்த்திசையில் வரும் பைக்குகள்: யாரிடம் மனு கொடுப்பது?

மேடவாக்கம் பக்கம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் என் மகள் அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் போகிறாள். யூ டர்ன் தூரம் என்று பைக்குகள் இடது ஓரமாகவே எதிரே வருகின்றன. ஹாரன் அடித்து இவளைத்தான் விலகச் சொல்கிறார்கள். விலகினால் பின்னால் பஸ். போன வாரம் ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி உரசி, கை சிராய்த்துவிட்டது.

ஜூனிலிருந்து இதே கதை. காலை 8 மணிக்குத்தான் மோசம். பின் விளக்கு, ரிஃப்ளெக்டர் எல்லாம் மாட்டியாச்சு. சீக்கிரம் அனுப்பியும் பார்த்தோம். மாற்று வழி கிடையாது. போக்குவரத்துக் காவலில் படத்தோடு புகார் கொடுத்தேன். சில நாள் ஆள் நின்றார், அப்புறம் பழையபடிதான். எதிர்த்திசையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ன்படி ஆபத்தான ஓட்டுதல், வழக்கே போடலாம்.

உங்கள் பகுதியில் இதை நிரந்தரமாக நிறுத்த வைத்தவர்கள், எந்த அதிகாரியிடம் மனு கொடுத்தீர்கள்?